குரங்குப் புண்ணும் கன்ட்ரோல் சார்ட்டும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஓசூரிலும் கோவையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் என்னோடு பேசுவதுண்டு. தரப் பிரிவில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று: "சார், சார்ட்டில் ஒரு புள்ளி ஏறினால் போதும், ஏன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்." என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல் சார்ட் இயந்திரத்தைப் புரிந்துகொள்ள வந்த கருவி. அதை ஆளைப் பிடிக்கும் கருவியாக மாற்றினால் தரமும் போகும், உண்மையும் போகும்.

உறவுகளுக்காக முதலில் விளக்கிவிடுகிறேன். ஒரே மாவு, ஒரே கல், ஒரே கை. ஆனாலும் பத்து தோசையும் ஒரே அளவில் வராது. அதற்கு யாரும் விசாரணை வைப்பதில்லை. ஏழாவது தோசை மட்டும் கருகிப்போனால், அடுப்பு அதிகமாக எரிகிறதா என்று பார்க்கிறோம். முதலாவது இயல்பான ஏற்ற இறக்கம். இரண்டாவதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட 1924ல் அமெரிக்காவின் பெல் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் வரைந்து கொடுத்ததுதான் கன்ட்ரோல் சார்ட். மகலனோபிஸ் அழைத்து, 1947-48ல் நம் நாட்டுக்கும் வந்து போனவர் அவர்.

பத்தாம் வகுப்பில் போட்ட திட்ட விலக்கம் நினைவிருக்கிறதா? "இது எதுக்கு சார் உதவும்?" என்று கேட்டீர்களே, இதற்குத்தான். சராசரிக்கு மேலே மூன்று திட்ட விலக்கம், கீழே மூன்று. இரண்டு கோடுகள். புள்ளி கோட்டுக்குள் இருந்தால் விட்டுவிடு, வெளியே போனால் காரணத்தைத் தேடு. அவ்வளவுதான் விதி.

இதில் இரண்டு வகைத் தவறு நடக்கலாம். ஒன்றும் இல்லாதபோது "புலி வருது" என்று கத்துவது ஒன்று. புலி உண்மையாகவே வந்து நிற்கும்போது தூங்குவது மற்றொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் பூஜ்யம் ஆக்க முடியாது. கோட்டை நெருக்கினால் முதல் தவறு கூடும், தள்ளி வைத்தால் இரண்டாவது கூடும். இரண்டு தவறுகளின் செலவையும் எடை போட்டுத்தான் ஷூஹார்ட் மூன்றில் நிறுத்தினார்.

மூன்றிலும் பொய் அலாரம் உண்டு. எந்தக் கோளாறும் இல்லாத இயந்திரத்தில்கூட 10,000 புள்ளிகளில் சுமார் 27 கோட்டுக்கு வெளியே விழும், அதாவது 370க்கு ஒன்று. ஒரு ஆலையில் 100 சார்ட், மணிக்கு ஒரு புள்ளி, எட்டு மணி நேர ஷிப்ட் என்று வையுங்கள். 800 புள்ளிகள். ஒவ்வொரு ஷிப்டிலும் சராசரியாக இரண்டு பொய் அலாரம் வரத்தான் செய்யும். கோட்டை இரண்டு திட்ட விலக்கத்துக்கு நெருக்கினால் 22 புள்ளிக்கு ஒன்று பொய். அதே 800 புள்ளிகளில் 36! இத்தனை பொய் அலாரத்துக்கு நடுவில் உண்மையான அலாரத்தை யார் மதிப்பார்கள்?

கோட்டுக்குள் இருக்கும் புள்ளியைத் துரத்துவது இதைவிட மோசம். 25.00 மி.மீ. தண்டு கடையும் ஒரு இயந்திரம், திட்ட விலக்கம் 0.01 என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் 24.97 முதல் 25.03 வரை ஏற்பார். இயந்திரத்தைத் தொடாமல் விட்டால் 10,000 தண்டில் சுமார் 27தான் கழியும். ஒரு தண்டு 25.02 வந்ததும் ஆபரேட்டர் 0.02 குறைத்து வைக்கிறார், அடுத்தது 24.98 வந்ததும் 0.02 கூட்டுகிறார், இப்படி ஒவ்வொரு தண்டுக்கும் திருத்துகிறார் என்றால் என்ன ஆகும்? பழைய தண்டின் ஏற்ற இறக்கமும் புதிய தண்டின் மேல் ஏறிக்கொள்ளும். விலக்கவர்க்கச் சராசரி இரண்டு மடங்காகும், திட்ட விலக்கம் 1.41 மடங்காகும். கழிவு 27லிருந்து சுமார் 340 ஆகிவிடும். அக்கறையோடு செய்த வேலைக்குக் கிடைத்த பலன் இது. குரங்கு கைப் புண் ஆறாது என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். டெமிங் இதைப் புனல் வழியாகக் கோலிக் குண்டு போட்டுக் காட்டுவார். நாஷுவா என்ற அமெரிக்க நிறுவனத்தில் காகிதத்துக்குப் பூச்சு பூசும் இயந்திரத்தை ஆட்கள் அடிக்கடி திருத்திக்கொண்டே இருந்தார்கள். அதைத் தொடாமல் விட்டபோதுதான் அது நன்றாகவே ஓடுவது தெரிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

"அப்படியானால் சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?" என்று மேலாளர்கள் கேட்பார்கள். இல்லை. இரண்டாவது தவறும் ஆபத்துதான். டூல் தேய்ந்து சராசரி ஒரு திட்ட விலக்கம் நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒவ்வொரு தண்டாக அளந்து புள்ளி வைத்தால் அது தெரியச் சராசரியாக 44 புள்ளி ஆகும். நான்கு நான்காக அளந்து சராசரியைப் புள்ளியாக வைத்தால் ஆறு புள்ளியிலேயே தெரிந்துவிடும். ஆகவே விழிப்பு வேண்டுமென்றால் கோட்டை நெருக்காதீர்கள், ஒழுங்காக அளப்பதைக் கூட்டுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் எல்லையைச் சார்ட்டின் எல்லையாக வரையவும் வேண்டாம். அது அவருடைய தேவை. சார்ட்டின் கோடு இயந்திரம் தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலம்.

கோட்டுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் அதிகமாக இருந்தால்? அது இயந்திரம், மூலப்பொருள், பயிற்சி சம்பந்தப்பட்டது. அதைச் சரிசெய்யும் அதிகாரமும் பணமும் நிர்வாகத்திடம் இருக்கிறது, ஷிப்டில் நிற்கும் பையனிடம் இல்லை. ஆனால் மெமோ அந்தப் பையனுக்குத்தான் போகிறது.

நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். இரண்டு முறை திட்டு வாங்கியவன் மூன்றாம் முறை என்ன செய்வான்? 25.04 என்று அளவு காட்டினால் 25.02 என்று எழுதுவான். சார்ட் கோலம் போட்டது போல் அழகாக இருக்கும். ஆடிட்டில் பாராட்டும் கிடைக்கும். தண்டு மட்டும் ஏதோ ஒரு வண்டிக்குள் போய்ச் சேரும். மற்ற தவறுகளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். பயத்தில் எழுதிய எண்ணை எந்தச் சூத்திரமும் எளிதில் கண்டுபிடிக்காது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் சேதி உண்டு. பேரன் போன தேர்வில் 78, இந்தத் தேர்வில் 72. உடனே டியூஷனை மாற்றி, போனைப் பிடுங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். ஐந்தாறு தேர்வு மதிப்பெண்ணை வரிசையாக எழுதிப் பாருங்கள். 70க்கும் 80க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தால் அது அவன் இயல்பு. உயர்த்த வேண்டுமானால் படிக்கும் முறையை மாற்றுங்கள். திடீரென்று 45 வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அன்பாக, என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

தர மேலாளர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை ஒரு புள்ளி வெளியே போனால், "யார் செய்தது?" என்று கேட்காமல் "என்ன மாறியது?" என்று கேட்டுப் பாருங்கள். "எதுவும் மாறவில்லை சார்" என்று சொல்லும் தைரியமும் அந்தப் பையனுக்கு இருக்கட்டும். சில நாள் அதுதான் சரியான விடை.

உங்கள் ஆலையில் எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்