ஒத்தி தெரியாத ஏஐ-யும், ஒத்தி தெரியாத நானும்

போன செமஸ்டர் லீவுல ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் இன்டர்ன்ஷிப்னு சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பினாங்க. நான் கன்னிவாடிக்குப் போனேன். மேலே ஆடலூர், பன்றிமலை, அடிவாரத்துல எங்க ஊர். பெரியம்மா மகள் திண்டுக்கல்லில் ஒரு வக்கீல்கிட்ட ஜூனியரா இருக்காங்க. "சும்மாதானடா இருக்க, ஆபீஸுக்கு வந்து இந்த ஏஐ-யை எப்படி யூஸ் பண்றதுன்னு காட்டு. சீனியர் கேட்டுக்கிட்டே இருக்கார்"னு அக்கா கூப்பிட்டாங்க. பந்தாவா லேப்டாப்போட போனேன்.

அங்கே ஒரு நிலத் தகராறு. கீழ் நீதிமன்றத்தில் மனு, சாட்சியம் எல்லாம் தமிழில் நடக்கும். அதே கேஸ் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால் எல்லாமே ஆங்கிலம். அதனால் பழைய பத்திரங்களை மொழிபெயர்ப்பதே ஜூனியர்களுக்குப் பாதி வேலை. அக்காவுக்கு ரெண்டு நாள் ஆகும் கட்டு அது. நான் போன்ல போட்டோ எடுத்து, என் சொந்த அக்கவுண்ட்ல ஏத்தி, அரை மணி நேரத்துல அழகான ஆங்கிலத்தில் பிரிண்ட் கொடுத்தேன். சீனியர் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, "பரவாயில்லையே தம்பி"ன்னார்.

அக்கா மட்டும் மூலப் பத்திரத்தைப் பக்கத்துல வச்சு வரி வரியா படிச்சாங்க. ரெண்டாவது பக்கத்துல நின்னுட்டாங்க. பத்திரத்தில் "ஒத்தி"ன்னு இருந்தது. ஏஐ அதை "லீஸ்" ஆக்கியிருந்தது.

"அதனால என்னக்கா?"ன்னு கேட்டேன். எல்.கே.ஜி-யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஒத்தின்னா வாடகைக்கு விடுறதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன்.

ஒத்தி என்பது அடமானம். கடன் வாங்கியவர் நிலத்தை அனுபவிக்கும் உரிமையையே கடன் கொடுத்தவரிடம் விடுகிறார். 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டம் 58-வது பிரிவில் இதைத் தனி வகை அடமானமாகச் சொல்கிறது. பணத்தைக் கொடுத்தால் நிலத்தைத் திருப்பலாம். லீஸ் என்றால் நிலத்தில் இருப்பவர் குத்தகைதாரர். பயிர் செய்யும் குத்தகைதாரரை அவ்வளவு சுலபமா வெளியேற்ற முடியாதபடி தமிழ்நாட்டில் 1955-லேயே பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதாவது, எங்க கட்சிக்காரர் பணத்தைக் கட்டி நிலத்தை மீட்கக் கேட்கிறார். நான் கொடுத்த பிரிண்ட் எதிர்க்கட்சிக்காரரைக் குத்தகைதாரர் ஆக்கி, அவர் கையில ஒரு கேடயத்தையே கொடுக்குது. ஒரே ஒரு சொல்லால!

இதைப் படிச்சுட்டு "அப்போ வக்கீல் ஆபீஸ்ல ஏஐ வேண்டாம்னு சொல்றியா?"ன்னு கேட்காதீங்க. வேணும்னுதான் சொல்றேன். சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ் என்ற பெரிய சட்ட நிறுவனம் ஒப்பந்தங்களைப் படிக்க 2017-லேயே 'கிரா' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் மொழிபெயர்க்க 2019-ல் 'சுவாஸ்' மென்பொருளைத் தொடங்கியது. பெரிய நிறுவனங்களுக்குக் கிடைக்கிற வேகம், ஒரு குமாஸ்தாவும் ஒரு ஜூனியரும் இருக்கிற திண்டுக்கல் ஆபீஸுக்கும் கிடைக்கணும். வாய்தா மேல வாய்தா வாங்கி அலையிற கட்சிக்காரருக்கு அதுதான் நல்லது.

ஆனா எப்படிக் கொண்டுவர்றோம் என்பதுதான் விஷயம். நான் கொண்டுவந்த விதம் தப்பு. மூணு தப்பு.

ஒண்ணு, ரகசியம். கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதையும் கொடுத்த ஆவணத்தில் இருப்பதையும் அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132-வது பிரிவு இதைச் சொல்கிறது. நான் அவர் பெயர், சர்வே நம்பர் எல்லாத்தையும் யாரோ ஒரு கம்பெனியின் சர்வருக்கு அனுப்பிட்டு, சீனியர்கிட்ட பாராட்டும் வாங்கினேன்.

ரெண்டு, சரிபார்ப்பு. 2023-ல் நியூயார்க்கில் ரெண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி உருவாக்கிய, எங்கேயுமே இல்லாத ஆறு தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் வாங்கினாங்க. இங்கே பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் போட்ட ஓர் உத்தரவைத் திரும்பப் பெற்றது. காரணம், அதில் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளே இல்லை. இன்னொரு சிக்கல், பழைய சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 302 என்றால் கொலை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலை 103. அங்கே 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. பல வருஷத்துப் பழைய தீர்ப்புகளைப் படிச்சு வளர்ந்த ஏஐ எந்த 302-ஐச் சொல்லுதுன்னு யாராவது பார்த்துத்தான் ஆகணும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது. அந்தத் தப்பை அக்கா எப்படிப் பிடிச்சாங்க? சேர்ந்த முதல் ரெண்டு வருஷம் பழைய பத்திரங்களைக் கையால எழுதி எழுதிப் படிச்சதால. "மேற்படி"க்குப் போடுற ௸ குறி, வகையறா, நான்கு எல்லை, பாத்தியம்னு ஒரு நோட்டு முழுக்க எழுதி வச்சிருக்காங்க. இனிமே அந்த வேலையை மெஷின் செஞ்சுட்டா, அடுத்து வர்ற ஜூனியர் எங்கே கத்துக்குவார்? பத்து வருஷம் கழிச்சு மெஷின் "லீஸ்"னு சொன்னா, இல்லைன்னு சொல்ல அந்த ஆபீஸ்ல யார் இருப்பா?

இதைக் கேட்டதும் சீனியர் சிரிச்சார். "கம்ப்யூட்டர் வந்தப்பவும் டைப்பிஸ்ட் எல்லாம் இப்படித்தான் சொன்னாங்க தம்பி." நியாயமான பதில்தான். ஆனா கம்ப்யூட்டர் நாம அடிச்சதைத்தான் காட்டுச்சு. அது "ஒத்தி"யை "லீஸ்" ஆக்கலை.

2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஓர் ஏஐ கொள்கை வெளியிட்டது. அனுமதித்த கருவிகளை மட்டும் பயன்படுத்தணும், தீர்ப்பை ஏஐ முடிவு செய்யக் கூடாது, ஏஐ மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்கணும் என்கிறது. வக்கீல் ஆபீஸ்களும் இப்படி ஒரு பக்கத்துக்கு விதி எழுதி சுவத்துல ஒட்டலாம். அதோட நான் ஒண்ணு சேர்ப்பேன்: ஜூனியர் முதல்ல படிக்கட்டும், மெஷின் பிறகு படிக்கட்டும். ரெண்டு பேரும் எங்கே வேறுபடுறாங்களோ, சீனியர் அங்கே உட்காரட்டும். நேரம் கொஞ்சம் கூடும். ஆனா ஆள் வளரும்.

கடைசியா நமக்கு. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுன்னு எத்தனை பேர் இன்னும் ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸையே பண்ணிக்கிட்டு இருக்கோம்? பத்திரத் தமிழுக்கு ஒரு சொல் பட்டியல், நெட் இல்லாமலே லேப்டாப்பில் ஓடுற ஒரு சின்ன மாடல், சந்தேகமான சொல்லை மஞ்சள் கோடு போட்டுக் காட்டுற ஒரு டூல். இதெல்லாம் நம்மால முடியும். பக்கத்துல இருக்கிற பத்திர எழுத்தரிடம் போய் உட்காரணும், அவ்வளவுதான்.

நான் அக்கா நோட்டிலிருந்து ஆரம்பிச்சிருக்கேன். இதுவரை 63 சொல் டைப் பண்ணியாச்சு. முதல் சொல் எதுன்னு சொல்லத் தேவையில்லை.