தூரத்துப் போரும் உள்நாட்டுச் சட்டமும்



இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிக் கைபேசியைத் திறந்தால் போர்ச் செய்திகளே நிறைந்திருக்கின்றன. கண் கலங்குகிறோம், துஆச் செய்கிறோம். அது நம் கடமை. ஆயினும் நம் கவலை அங்கேயே நின்றுவிடலாகாது. எங்கோ நடக்கும் போர், அதில் ஈடுபட்ட நாட்டின் சட்டங்களையும் மாற்றிவிடுகிறது. நம் முன்னோர் இதை நேரில் கண்டவர்கள்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. உதுமானியப் பேரரசு பிரிட்டனின் எதிரணியில் சேர்ந்ததும் இந்திய முஸ்லிம்கள் ஐயக் கண்ணோடு பார்க்கப்பட்டனர். 1915இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அலி சகோதரர்கள் காவலில் வைக்கப்பட்டனர். மவ்லானா ஆசாத் ராஞ்சியில் அடைக்கப்பட்டார். தேவ்பந்தின் பேராசான் ஷைகுல் ஹிந்த் மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் ஹிஜாஸில் கைது செய்யப்பட்டு, அறுபதைக் கடந்த வயதில் மால்டா தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். 1920இல் தாயகம் திரும்பிய அவர்கள் அவ்வாண்டு இறுதிக்குள் வஃபாத்தானார்கள்.

அதே போர் வேறொரு கதவையும் திறந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல்கடந்து போர்ப்பணி ஆற்றினர். அவர்களின் உழைப்பு தேவைப்பட்ட அரசு, 1917இல் படிப்படியான பொறுப்பாட்சியை வாக்களித்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களுக்குச் சில அதிகாரங்களை அளித்தது. அதன்வழி அமைந்த சென்னைச் சட்டமன்றமே 1921இல், இந்திய மாகாணங்களில் முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்க முடிவு செய்தது. அரசுப் பணிகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் இடமளிக்கும் வகுப்புவாரி ஆணையும் அவ்வாண்டே பிறந்தது.

ஆனால், போர் 1918இல் ஓய்ந்த பின்னும் அடக்குமுறை ஓயவில்லை. விசாரணையின்றிச் சிறை வைக்கும் ரௌலட் சட்டம் 1919 மார்ச்சில் நிறைவேறியது. மறுமாதம் அமிர்தசரஸில் சைஃபுத்தீன் கிச்சலுவும் சத்யபாலும் கைதாயினர். ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. இருவருக்காகவும் மக்கள் ஒன்றாகவே திரண்டனர். ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் அரசுக் கணக்குப்படியே 379 பேர் கொல்லப்பட்டனர்.

ஆகவே, போர்க்காலத்தில் அரசு ஒரு கையால் கொடுத்து, மறு கையால் பறிக்கிறது. கொடுப்பதைக் கேட்டுப் பெற விழிப்பு வேண்டும். பறிப்பதைத் தடுக்க அதைவிடப் பெரிய விழிப்பு வேண்டும். 'தற்காலிகம்' என்ற பெயரில் வரும் சட்டம் போர் முடிந்ததும் தானாக விலகிவிடும் என்று நம்பியிருத்தல் பேதைமை.

பகைவனிடத்தும் நீதி தவறலாகாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட மார்க்கம். அந்நீதியை நமக்காக மட்டும் கேட்பது அதற்குப் பொருந்தாது. விசாரணையின்றி அடைக்கப்பட்டவர் எச்சமயத்தவராயினும் அவருக்காகவும் நாம் பேச வேண்டும். போர்ச் செய்தி பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு மால்டா கைதியின் வரலாற்றையும், அமிர்தசரஸில் ஒன்றாய்த் திரண்ட மக்களின் வரலாற்றையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.

அநீதியைக் கண்டு வாய்மூடி இருப்போராக அல்லாஹ் நம்மை ஆக்காதிருப்பானாக. ஆமீன்.