அழித்துவிட்டதாக நம்பினோம்

விருத்தாசலத்தில் ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், செராமிக் பட்டறையின் கணக்கு அறை என்று கணினியை வைத்துப் பிழைக்கும் நாம் எல்லோரும் ஒரு கடமையைச் செய்யாமலே இத்தனை வருடம் ஓட்டிவிட்டோம். நம்மை நம்பி ஊரார் கொடுத்த ஆவணங்களை, வேலை முடிந்ததும் முறையாக அழிக்கவில்லை. அழிப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

கம்மாபுரத்திலிருந்தும் மங்கலம்பேட்டையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் சாதிச் சான்றிதழ், பட்டா, பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் நம் மேஜையில் வைக்கிறார்கள். ஸ்கேன் செய்கிறோம், ஆதாரை இறக்குகிறோம், பிரிண்ட் கொடுக்கிறோம். தாளை அவர்கள் எடுத்துப் போகிறார்கள். கோப்பு நம்மிடம் தங்கிவிடுகிறது. இறக்கிய ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்து, அதோடு பிறந்த வருடம், அவ்வளவுதான் அந்தக் கடவுச்சொல். பெயரும் பிறந்த தேதியும் உள்ள வேறொரு சான்றிதழ் அதே ஃபோல்டரில் பக்கத்திலேயே கிடக்கும். பூட்டையும் சாவியையும் ஒரே இடத்தில் போட்டு வைத்திருந்தோம்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. பொதுக் கணினியில் ஆதாரை இறக்குவதைத் தவிருங்கள், இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனதும் நிம்மதியாகிவிட்டோம். அந்த அறிவுரை நமக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

டெலீட் பட்டனை அழுத்தினால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், அதையும் காலி செய்தால் தீர்ந்தது என்பதே நம் அறிவு. உண்மையில் கணினி செய்வது, தன் அட்டவணையில் அந்தப் பெயரை அடித்துவிட்டு, இந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வது மட்டுமே. ஹார்ட் டிஸ்க்கில் அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய தகவல் அப்படியே இருக்கும். இலவச மீட்பு மென்பொருளைக் கொண்டே அதை எடுத்துவிடலாம். அவசரமாகச் செய்யும் குவிக் ஃபார்மட்டும் இந்த ரகம்தான்.

செராமிக் தொழில் நடக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ளாமல் போனோமே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அச்சிலிருந்து எடுத்த பொம்மை கோணலாக வந்தால், பச்சையாக இருக்கும்வரை தண்ணீரில் போட்டுக் கரைத்து மறுபடி ஊற்றலாம். சூளையில் 600 டிகிரிக்கு மேல் வெந்தபின், களிமண்ணுக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறி மண்ணின் தன்மையே மாறிவிடும். பிறகு எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. அதனால்தான் கீழடியில் கிடைத்த ஓட்டுச் சில்லில் ‘ஆதன்’ என்ற பெயரை இரண்டாயிரம் வருடம் கழித்தும் படிக்க முடிகிறது. நாம் குப்பையில் தள்ளிய கோப்புகள் வெந்த மண். பச்சை மண் என்று நினைத்துக் கரைந்திருக்கும் என இருந்துவிட்டோம்.

பிற நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்களான சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கி, கண்டதை 2003-இல் வெளியிட்டார்கள். வேலை செய்த 129-இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. 2010-இல் அங்குள்ள சிபிஎஸ் தொலைக்காட்சி நான்கு பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களை வாங்கி, உள்ளே இருந்த டிஸ்க்குகளைச் சோதித்தது. காவல்துறைக் கோப்புகளும் நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளும் வந்தன. அவற்றில் ஒன்றை வாடகைக்கு எடுத்து அப்படியே திருப்பிக் கொடுத்திருந்த ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. பெரிய டிஜிட்டல் ஜெராக்ஸ் இயந்திரங்கள் பலவற்றில் டிஸ்க் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கினோம், எக்ஸ்சேஞ்சில் விட்டோம். உள்ளே என்ன இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேட்டவர் நம்மில் யார்?

கடைக்காரர்கள் மட்டும் இல்லை, பெற்றோரும் இதில் சேர்த்திதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவை, படிப்பு முடிந்ததும் கைமாறின. பழுதானவை காயலாங்கடைக்கு எடைக்குப் போயின. பிள்ளைகளின் படங்கள், தேர்வு விண்ணப்பங்கள், கையெழுத்தின் ஸ்கேன் எல்லாம் அதற்குள் இருந்தன. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் படம் யார் கையில் இருக்கிறது என்று தெரியாத நிலையை நாமே உண்டாக்கினோம்.

செய்ய வேண்டியிருந்தது மலையளவு வேலை அல்ல. 35 தடவை மேலெழுதினால்தான் அழியும் என்று ஒரு பேச்சு உண்டு. 1996-இல் பீட்டர் குட்மன் அன்றைய டிஸ்க்குகளை வைத்து எழுதியது அது. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். முழுக்க ஒருமுறை மேலெழுதினாலே பொதுவாகப் போதும் என்றது அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் 2014 வழிகாட்டி. காலி இடங்களை மேலெழுத விண்டோஸிலேயே சைஃபர் என்ற கட்டளை இருக்கிறது, காசு கிடையாது. இரவு ஷட்டரை இறக்கும்போது ஓடவிட்டால் காலைக்குள் முடிந்துவிடக்கூடிய வேலை.

சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியின் கதை வேறு. அது தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ள ஒவ்வொரு முறையும் வேறு அறையில் எழுதும். ஒரு கோப்பின் மேல் எழுதினாலும் பழையது எங்காவது தங்கலாம். அதற்கு முதல் நாளே பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் போட்டிருக்க வேண்டும், விற்கும்போது தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கருவியை ஓட்ட வேண்டும். தகவல் எதற்காகப் பெறப்பட்டதோ அது முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. சட்டம் வரும்வரை காத்திருந்ததே நம் தவறு.

விற்றுப் போனவற்றைத் திரும்ப வாங்க முடியாது. பரணிலும் கடை மூலையிலும் கிடப்பவை இன்னும் நம் கையில் இருக்கின்றன. ஓடுகிற டிஸ்க் என்றால் துடைக்கலாம். ஓடாததில் எதையும் எழுத முடியாது, உடைக்கத்தான் வேண்டும். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பல நேரம் கண்ணாடி என்பதால் துணியில் சுற்றி, கண்ணுக்குக் காப்பு போட்டுக்கொண்டு அடிக்க வேண்டும். பெரிய டிஸ்க்கின் அலுமினியத் தட்டைப் பல இடங்களில் துளைத்து வளைக்க வேண்டும். எஸ்எஸ்டியிலும் பென் டிரைவிலும் ஒவ்வொரு சிப்பும் நொறுங்க வேண்டும். அதன்பிறகு எடைக்குப் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். இந்த வாரமே ஆளுக்கு ஒரு பரணை இறக்குவோம்.