கறைப் பல்லும் கேலிப் பேச்சும்

எங்கள் தர்மபுரிப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் சென்னையிலோ கோவையிலோ ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வது!

காரணம், பல்லில் பழுப்புக் கறை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய போர் தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறை விழுந்துவிடும். ஏறக்குறைய 8 வயதுக்குள் முடிந்துபோகிற சமாச்சாரம். (செங்கல் தூள், அடுப்புக்கரி, ஏன், என்னிடம் கேட்டு வாங்கும் மூலிகைப் பற்பொடி... எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. தேய்வது பல்தான்!) 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதிலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. அதற்கு முன்பே பல் முளைத்தவர்களுக்கு முளைத்ததுதான்.

விடுமுறையில் வந்த ஒரு கல்லூரி மாணவியிடம் கேட்டேன். "ஏம்மா, நம்மூர்ல படிக்கறப்போ யாராச்சும் கேலி பண்ணாங்களா?"

"இல்லீங்க ஐயா. அங்க எல்லாருக்கும் இப்படித்தானே இருக்கும்!"

யோசித்துப் பாருங்கள். பல் அதே பல். கறையும் அதே கறை. கிராமத்துப் பள்ளியில் யார் கண்ணிலும் படாதது, ஹாஸ்டலில் சிரிப்புக்கு இடமாகிவிட்டது. அப்படியானால் கேலிக்குக் காரணம் பல்லில் இல்லை. அங்கே அவள் ஒருத்தி, மற்றவர்கள் பலர் என்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மார்த்தாஸ் வினியார்ட் என்று ஒரு தீவு. 19-ம் நூற்றாண்டில் அங்கே 155 பேருக்கு ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவர். நாட்டின் மற்ற பகுதிகளிலோ சுமார் 5,700 பேருக்கு ஒருவர்தான். தீவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த வழக்கம்! (அக்கா மகளைக் கட்டும் நம் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.) என்ன ஆயிற்று? காது நன்றாகக் கேட்பவர்களும் சைகை மொழி கற்றுக்கொண்டார்கள். கடையில், மீன்பிடி படகில், வீட்டில் எல்லாரும் கையால் பேசினார்கள். காது கேளாமையைத் தனியாக ஒரு குறையாகவே யாரும் நினைக்கவில்லை.

நம் தெருவில் மூளை வளர்ச்சி குறைந்த ஒரு பிள்ளை, கை கால் இழுத்துக்கொள்ளும் ஒரு பிள்ளை, ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். போதாக்குறைக்கு அதையும் வீட்டுக்குள் பூட்டி வைக்கிறோம். கல்யாணத்துக்குக் கூட்டிப் போவதில்லை, தேர்த்திருவிழாவுக்குக் கூட்டிப் போவதில்லை. "எதுக்குங்க, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்கிறார்கள். பார்த்தே பழகாததைத் திடீரென்று பார்த்தால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்யும். நாம் ஒளித்து வைக்க வைக்க கேலி கூடுகிறது. கேலி கூடக் கூட இன்னும் ஒளிக்கிறோம்.

பிள்ளைகள் சரி, விவரம் தெரிந்த பெரியவர்கள் ஏன் கேலி செய்கிறார்கள்? பயம்தான். 'இது நமக்கும் வந்துவிடுமோ, நம் வீட்டிலும் பிறந்துவிடுமோ' என்ற பயம். 'அவங்க ஏதோ பாவம் பண்ணியிருக்காங்க, அதான்' என்று சொல்லிவிட்டால் நாம் தப்பித்தவர்களாகிவிடுகிறோம் அல்லவா? 2024-ல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் மகாவிஷ்ணு என்ற சொற்பொழிவாளர், முற்பிறவிப் பாவத்தால்தான் உடற்குறையோடு பிறக்கிறார்கள் என்ற ரீதியில் பேசினார். அங்கேயே இருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் தட்டிக்கேட்டார். பேசியவர் பிறகு கைது செய்யப்பட்டார். பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது 2016-ம் ஆண்டுச் சட்டம். ஆனால் அந்தப் பேச்சு அவர் ஒருவருடைய பேச்சா? நம் வீட்டுத் திண்ணையில் தினமும் நடக்கிற பேச்சுதானே! 'நொண்டி', 'ஊமை', 'லூசு' என்ற வார்த்தைகளைப் பிள்ளைகள் திண்ணையில்தான் கற்கிறார்கள்.

பாவமும் இல்லை, சாபமும் இல்லை. பிரசவ நேரத்தில் பிராணவாயு குறைந்தாலோ, மாதம் நிறையாமல் பிறந்தாலோ, பிறந்ததும் மஞ்சள் காமாலை கடுமையானாலோ மூளை பாதிக்கலாம். 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம். பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்தால் அறிவு வளர்ச்சி தடைபடும். அதைப் பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

என்னைப் போன்ற வைத்தியனுக்குக் கேலியின் மேல் இத்தனை கோபம் வரக் காரணமே அந்தச் சில வாரக் கணக்குதான். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, 'பேசாதவன் பேசுவான், நடக்காதவன் நடப்பான்' என்று காத்திருந்து, பிள்ளைக்கு 5 வயது, 6 வயது ஆனபிறகு இருட்டின நேரமாகப் பார்த்துத் தூக்கி வருகிறார்கள். "மூளைக்கு ஒரு லேகியம் குடுங்க ஐயா." பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் சொல்கிறேன், வல்லாரையால் காதைக் கேட்க வைக்க முடியாது. தைலம் தேய்த்தால் தசைக்கு இதம் கிடைக்கும். அது பிசியோதெரபிக்குத் துணையே தவிர, மாற்று அல்ல. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகக் காக்ளியர் கருவி பொருத்துவதே 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான். ஊர் வாய்க்குப் பயந்து அந்த வயதையும் கோட்டை விடலாமா?

4 மாதத்தில் தலை நிற்கவில்லையா? 6 மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லையா? ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையா? மாவட்டத் தலைநகர அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோங்கள், பகலிலேயே. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "புள்ளைக்கு என்னாச்சும்மா?" என்று கேட்பார். முந்தானையால் மூடாதீர்கள். பிள்ளையின் பேரைச் சொல்லி, "பிறக்கறப்போ மூச்சு முட்டிடுச்சு, அதனால கால் கொஞ்சம் மெதுவா வருதுங்க, காட்டத்தான் போறோம்" என்று சொல்லுங்கள். அந்த அம்மாவின் வீட்டிலும் இப்படி ஒன்று பூட்டிய அறைக்குள் இருக்கலாம்.