வழு மறைத்தலும் வழு களைதலும்

(பயிற்றப்பட்ட தமிழாசிரியராகிய பழைய மாணவர் ஒருவர்)

விழா மலர்களிலே வெற்றிகளைப் பேசுதல் மரபு. கல்லூரி கண்ட பெரியோர், எழுப்பிய மண்டபங்கள், வென்ற கேடயங்கள், பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் தொகை என்பன இம்மலரின் ஏனைப் பக்கங்களை அணிசெய்யும், அது தகுதியே. எனினும், அப்பெருமைகளுக்கிடையே ஒரு சிறு பொருளைப் பற்றி எழுத இடம் வேண்டுகின்றோம். அது பிழையைப் பற்றியது. அதிலும், கணினிச் செய்நிரலிலே காணும் பிழையைப் பற்றியது. தமிழ் படிப்பிப்பவருக்குக் கணினியோடு என்ன உறவு என அன்பர் சிலர் புன்முறுவல் பூக்கலாம். இறுதிவரை படித்தபின் தீர்ப்புக் கூறுமாறு அவர்களை வேண்டுகின்றோம்.

எமது நாட்டுப் பாடநூல்கள் செய்நிரலிலே தோன்றும் பிழையை 'வழு' என வழங்குகின்றன. இச்சொல் தமிழ் மாணவனுக்குப் புதியதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்பது நன்னூலார் கூற்று. கணினி நூலார் மூவகை கூறுவர். மொழியின் விதிக்கு மாறாக எழுதியமையாற் கணினி ஏற்க மறுப்பது தொடரியல் வழு. விதிக்கு இயைந்திருந்தும் ஓடும்போது இடறி நிற்பது இயக்கநேர வழு. இடறாமல் ஓடி முடித்தும் தவறான விடை தருவது தருக்க வழு. முன்னைய இரண்டும் தம்மைத் தாமே அறிவிக்கும். மூன்றாவதோ வாய் திறவாது. ஆதலின் அதுவே கொடியது.

இவ்வழுக்கள் மாணவருக்கு மாத்திரம் உரியன அல்ல. 1949 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே 'எட்சாக்' என்னும் கணினி தன் முதற் செய்நிரலை இயக்கியது. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் மொறிஸ் வில்க்ஸ், தம் எஞ்சிய வாழ்நாளிற் பெரும்பகுதி தம் செய்நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலே கழியப்போகின்றது என்ற உண்மை அந்நாள்களில் ஒருமுறை படிக்கட்டிலே நின்றபோது தமக்குப் புலப்பட்டதாக, 1985 இல் வெளிவந்த நினைவு நூலில் எழுதினார். மற்றோர் அறிஞர் ரொனி ஹோர். எப்பொருளையுஞ் சுட்டாத 'வெற்றுச் சுட்டு' என்பதனை 1965 இலே ஒரு கணினி மொழிக்காக வகுத்தவர் அவர். இல்லாத பொருளை உள்ளதென எண்ணிச் செய்நிரல் தொடப்போக, அது இடறி விழும் வழு இன்றும் மிகப் பொதுவானது. 2009 இலே அறிஞர் அவை முன் நின்று, அது தாம் செய்த நூறு கோடி டொலர்த் தவறு என அவரே கூறினார். பெரியோர் தம் வழுவை ஒளித்தாரல்லர் என்பதனை இங்கே மனங்கொள்க.

இனி, எம் கண்முன் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். நாம் கற்பிக்கும் பாடசாலையின் நூலகத்துக்கு, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் விடுமுறையிலே அரும்பாடுபட்டு, மேசைக் கணினியில் இயங்கும் செயலியொன்றை 'டொட் நெற்' முறையில் ஆக்கித் தந்தான். நூற்பட்டியல், தேடல், இரவல் பதிவு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. அவன் வீட்டுக் கணினியிலே அது பழுதின்றி ஓடிற்று. நூலகத்துக்கு வந்த நாள்முதல் தொல்லை தொடங்கியது.

முதலாவது தொல்லை: பட்டியலைத் திறந்தவுடன் சாளரம் உறைந்து நின்று, 'பதிலளிக்கவில்லை' என்று காட்டியது. கணினி பழுதென்றே யாவரும் கருதினர். உண்மை வேறு. சாளரச் செயலியிலே பயனரின் அழுத்தங்களைக் கேட்டு விடையிறுக்கும் பணியை ஓர் இழையே செய்யும். அவ்விழையையே நூற்பட்டியல் முழுவதையுஞ் சுமந்துவர அனுப்பினால், மேசையிலிருக்கும் ஒரே நூலகர் உள்ளறைக்குப் போய்விட, வந்தவர் வாயிலிலே காத்து நிற்பது போலாகும். 5 செக்கன் வரை விடை கிடையாவிடின் வின்டோஸ் அச்சாளரத்தை உறைந்ததெனக் குறிக்கும். நெடும்பணியை வேறோர் இழையிடம் ஒப்படைத்து, முடிவைத் திரையிலே காட்டும் பணியை மட்டும் சாளர இழைக்கு விடுதலே பரிகாரம். மாணவன் இதனைத் தானே கண்டு திருத்தினான்.

இரண்டாவது தொல்லை ஆழமானது. இரவல் பதிவு ஒவ்வொரு மாதமும் 12 ஆந் திகதிவரை நடந்தது. 13 ஆந் திகதிமுதல் ஒரு பதிவுந் தங்கவில்லை. நூல்கள் வெளியே சென்றன. யாரிடம் சென்றன என்பதற்குச் சான்றில்லை. அவன் நாளை முன்னும் மாதத்தைப் பின்னுமாக எழுதியிருந்தான். நூலகக் கணினியோ அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்வைத்து வாசித்தது. 03/04 என எழுதின் ஏப்பிரல் 3 என்பது மார்ச் 4 ஆயிற்று. அதனை ஒருவருங் கவனியார். 13/04 என எழுதினாலோ, பதின்மூன்றாம் மாதமென ஒன்றில்லாமையாற் செய்நிரல் இடறிற்று. இலக்கணத்தார் இடமென்றது தன்மை, முன்னிலை, படர்க்கைகளை. எனினும் பெயரை மட்டும் இரவல் பெற்று, இதனைக் காலமும் இடமும் மயங்கிய வழு எனலாம். திகதியின் வடிவை அந்தந்தக் கணினியின் வழக்கத்துக்கு விடாது, செய்நிரலிலேயே வரையறுத்தல் இதற்கு மருந்து.

ஆயின், இடறிய செய்நிரல் ஏன் வழுச்செய்தி காட்டவில்லை? வழு நேர்ந்தால் அதனைப் பிடித்து ஆவன செய்தற்கென ஒரு பகுதி செய்நிரலில் உண்டு. அவன் அப்பகுதியை வெறுமையாக விட்டிருந்தான். வந்த வழுவைப் பிடித்து, ஒன்றுஞ் சொல்லாது விழுங்கிவிடுமாறு அமைத்திருந்தான். ஏன் அப்படிச் செய்தாய் என வினவினோம். தலையைக் குனிந்துகொண்டு, "பிழை வந்ததெண்டு திரையில தெரிஞ்சா, எனக்குச் செய்யத் தெரியாதெண்டு நினைப்பினம், சேர்" என்றான்.

அவ்விடை எம்மை வருத்திற்று. இலக்கணத்திலே வழுவமைதி என்றொன்று உண்டு. வழுவாயினுங் காரணங் காட்டி அமைத்துக்கொள்வது. காரணங் கூறாது மறைப்பது வழுவமைதியன்று, அது வழுமறைப்பு. இதனை அவன் கணினியிடங் கற்றானல்லன், எம்மிடமே கற்றான். கட்டுரைக் கொப்பியிலே சிவப்பு மையினாற் சுழித்து, வகுப்பின் முன் உரக்க வாசித்து, பிழையை அவமானமாக்கியவர் ஆசிரியராகிய நாம் அல்லவா? பிழை தெரியாதிருந்தாற் போதும் என்னும் பாடத்தைப் பதினொரு ஆண்டு படித்த பிள்ளை, செய்நிரலிலும் அதனையே எழுதினான்.

இதற்குள் நூலகப் பொறுப்பாளர் பழைய பதிவேட்டுக்கே திரும்ப முடிவுசெய்துவிட்டார். மாணவன் நூலகப் பக்கம் வருவதை நிறுத்தினான். அவனை மீண்டும் அழைத்து வந்தது மூன்றாவது தொல்லை. அதில் எமக்கும் பங்கு கிடைத்தது.

தட்டிலே 'பௌதிகவியல்' நூற்படிகள் பல இருக்க, தேடினால் ஓரிரண்டே அகப்பட்டன. ஏனையவற்றின் பெயரும் திரையிலே தெளிவாகத் தெரிந்தது. ஆயினுந் தேடல் அவற்றைக் காணவில்லை. விழுங்கும் பகுதியை நீக்கியும் வழுச்செய்தி இல்லை. இது வாய்திறவாத தருக்க வழு. அகப்பட்ட பெயரையும் அகப்படாத பெயரையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் கணினியைக் கொண்டே எண்ணுவித்தான். ஒன்று 10, மற்றையது 11 என்றது. நாமோ இலக்கணப்படி எண்ணினோம்: பௌ, தி, க, வி, ய, ல் என 6 எழுத்து. ஒருங்குறியிலே மெய்யும் அதன்மேலேறும் குறியும் புள்ளியுந் தனித்தனி எண்ணப்படுதலின் 10 என்பது சரியே. பதினொன்றாவது எங்கிருந்து வந்தது? பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து நோக்கியபோது வெளிப்பட்டது. அகப்படாத பெயர் 'பெளதிகவியல்' எனப் பதியப்பட்டிருந்தது. அதாவது, பகரத்தின்மேல் ஔகாரக் குறி ஏறாது, 'பெ' என்பதன் பின் தனி ளகரம் நின்றது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. கணினிக்கு இரு வேறு சொற்கள்.

பதிந்தவரைக் குறைகூற இயலாது. தமிழ்த் தட்டச்சுப்பொறியிலே எகரக் கொம்பையும் ளகரத்தையும் இட்டே ஔகாரத்தை அடித்துப் பழகினோம். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலும் அப்பழக்கந் தொடர்ந்தது. தாளிலே குற்றமாகாத வழக்கம், ஒருங்குறியிலே மரபுவழுவாயிற்று. 'கொ' என்பதனையும் ஒரே குறியாகவோ, கொம்பும் காலுமாக இரு குறிகளாகவோ பதியலாம். அவ்விரண்டும் ஒன்றென ஒருங்குறி விதியே கூறுதலின், ஒருநிலைப்படுத்தும் கட்டளை அதனைத் தீர்க்கும். ளகரம் வேறோர் எழுத்தாதலின் இங்கு அக்கட்டளை பயன்படாது.

மாணவன் விரைந்து, கொம்பின் பின் ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரமாக்கினான். பௌதிகவியல் அகப்பட்டது. 'வெள்ளம்' கெட்டது, ளகரம் மறைய, புள்ளி மட்டும் அந்தரத்திலே தொங்கியது. 'வெளிநாடு', 'தெளிவு' யாவுஞ் சிதைந்தன. ஒரு வழுவைக் களையப் புகுந்து பல வழுக்களைப் பெறுதல் இத்தொழிலில் நாள்தோறும் நிகழ்வது. நல்லவேளை, பட்டியலின் படியொன்றை முன்னரே எடுத்து வைத்திருந்தான். இருவரும் இருந்து ஆராய்ந்தோம். 'வெள்ளம்', 'வெளி' என்பவற்றிலே ளகரத்தைத் தொடர்ந்து புள்ளியோ உயிர்க்குறியோ வருகின்றது. 'பெளதிகம்', 'மெளனம்' போன்ற பிழைப்பதிவுகளில் ஒன்றும் வருவதில்லை. ஆகவே, ளகரம் வெறுமையாய் நிற்குமிடத்தை மட்டும் மாற்றுக. அதனையும் பொறுப்பாளர் ஒருமுறை பார்த்து உடன்பட்டபின் மாற்றுக என விதி செய்தோம். அச்செயலி இன்றும் நூலகத்தில் ஓடுகின்றது.

இதிலிருந்து நாம் கொள்வன சில. வழுச்செய்தியை முழுவதும் வாசித்தல் முதற்படி. அதிலே கோப்பின் பெயரும் வரியின் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். வழுவை வேண்டும்போது மீண்டுந் தோற்றுவித்தல் அடுத்தது. 13 ஆந் திகதியை இட்டால் இடறும் என அறிந்தபின்னரே காரணம் அகப்பட்டது. இயங்குவதையும் இயங்காததையும் அருகருகே வைத்து வேறுபாடு தேடுதல், ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல், மாற்றுமுன் படி எடுத்தல், கண்டதைக் குறித்து வைத்தல் என்பன ஏனையவை. இவற்றிற் பெரும்பகுதி வாசிப்பேயன்றி வேறன்று. எழுதியிருக்குமென நாம் நினைப்பதை விடுத்து, எழுதியிருப்பதை மட்டும் வாசிக்கும் பயிற்சி. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடங்கண்ட பதிப்பாசிரியர்கள் செய்தது இதுவே. ஆதலின், இதில் மொழியாசிரியருக்கு இடமில்லை என்பாரோடு நாம் உடன்படோம்.

வழுச்செய்திகள் ஆங்கிலத்தில் வருகின்றனவே, தமிழ்மொழிமூல மாணவர் என்செய்வர் எனச் சிலர் கேட்பர். அடிக்கடி வருஞ் செய்திகள் சிலவே. அவற்றைத் தமிழிற் பொருள்விரித்தெழுதுதலை மொழிபெயர்ப்புப் பயிற்சியாக்கலாம். வேறு சிலர், வழுவைக் கொடுத்தாற் செயற்கை நுண்ணறிவுக் கருவி திருத்தித் தருமே என்பர். தரும், அதனை நாம் வெறுக்கவில்லை. ஆயின், வழுவை விழுங்கி வைத்திருப்பவன் எதனைக் கொடுத்துக் கேட்பான்? 'வெள்ளம்' கெட்டதைக் கண்டறிய வெள்ளம் என்னுஞ் சொல்லை அறிந்த ஒருவர் வேண்டுமன்றோ?

ஆகவே எம் கருத்து இது. செய்முறை வேலைக்குப் புள்ளியிடும்போது, முடிந்த செயலிக்கு மட்டுமன்றி, மாணவன் கண்ட வழு, அதன் காரணம், களைந்த வழி ஆகியவற்றைக் குறித்த வழுக்கொப்பிக்கும் புள்ளி வழங்குக. தமிழாசிரியரும் கணினியாசிரியரும் தவணைக்கொரு முறையேனும் ஒரே வகுப்பிலே நிற்க. சிவப்பு மையை நாமுஞ் சற்றுத் தாழ்ந்த குரலிலே பயன்படுத்துவோம்.

இறுதியாக, உள்நாட்டிலும் கடல்கடந்தும் மென்பொருட்டுறையிலே உயர்ந்து விளங்கும் எம் பழைய மாணவச் சகோதரர்களுக்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்குக் கணினிகளைத் தந்தீர்கள், நன்றி மறவோம். விழாவுக்கு வரும்போது மேடையிலே உங்கள் வெற்றிகளைக் கூறுகின்றீர்கள், மகிழ்கின்றோம். அடுத்தமுறை வரும்போது, அரைமணி நேரம் கணினி அறையிலே பிள்ளைகளோடிருந்து, நீங்கள் விட்ட வழுவொன்றையும், அதனைத் தேடி உறக்கமிழந்த இரவையும் அவர்களுக்குக் கூறுங்கள். பெரிய அண்ணன்மாரும் பிழை விட்டார்கள், அதனை மறைக்கவில்லை என்று அறியும் பிள்ளை, தன் செய்நிரலில் அப்பகுதியை வெறுமையாக விடான்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!