"அஞ்சு நிமிசத்தில வந்திடுவன்"

சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையின் வாகனத் தரிப்பிடத்தில் நாங்கள் மூன்று பேர் சோடா குடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நின்ற காருக்குள் ஒரு பக் இன நாய். கண்ணாடி இரண்டு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. நாய் பின்சீற்றில் நின்று, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் செய்த முதல் வேலை, வீடியோ எடுத்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு. ஒருவர் அதை ஸ்ரோறியில் போட்டார். மற்றவர் "பாவமடா" என்றார். மூன்றாமவர் "கார்க்காரர் இப்ப வந்திடுவார், எங்களுக்கு ஏன் சோலி" என்றார். கடைசியில் ஓட்டோக்கார அண்ணை ஒருவர்தான் எட்டிப் பார்த்துவிட்டு, நேரே கடைக்குள் போய், கார் நம்பரைச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட வைத்தார். ஓடிவந்தவர் சொன்னது: "இப்பதானே விட்டிட்டுப் போனனான், அஞ்சு நிமிசம்கூட ஆகேல்லை." நாங்கள் அங்கே நின்றதே பத்து நிமிடத்துக்கு மேல்.

அந்த மனிசன் கெட்டவர் இல்லை. நாயைத் தூக்கி வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றார். அவருக்கு அன்பு குறையவில்லை, கணக்குத்தான் பிழைத்தது.

அந்தக் கணக்கு இதுதான். 2005 இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெயிலில் நிறுத்திய காருக்குள் சூட்டை அளந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் உள்ளே சராசரியாக 22 பாகை செல்சியஸ் கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டும் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே 22 பாகை மட்டும் இருந்த நாளிலும் உள்ளே 47 வரை போனது. ஆகவே நுவரெலியாவுக்கு நாயையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் "இங்க குளிர்தானே" என்று நம்பிவிடக் கூடாது. வெயில் எறித்தால் அங்கேயும் இதே கதைதான். யாழ்ப்பாணத்திலோ நாங்கள் தொடங்குவதே 33, 34 பாகையில். வெயிலில் விட்ட மோட்டார்சைக்கிள் சீற்றில் ஒருக்கா இருந்து பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எங்களுக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும். அது உடம்புச் சூட்டை இறக்குவது பெரும்பாலும் இளைத்துத்தான். மூடின காருக்குள் காற்றே சூடாகி, நாயின் மூச்சாலேயே ஈரப்பதனும் கூடும்போது, எவ்வளவு இளைத்தும் பயன் இல்லை. நாயின் வழமையான உடம்புச் சூடு 38 முதல் 39 பாகை வரை. 41ஐத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், இதயம் எல்லாம் ஆபத்தில். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இளைக்கிறதே கஷ்டம். அவைதான் இப்ப எங்கட ஊரில் பெருமைக்கு வாங்கப்படுகின்றன.

"நிழலிலதானே விட்டனான்" என்பார்கள். வேப்பமர நிழல் அசையும், கார் அசையாது. "ஏ.சி. போட்டுத்தானே விட்டனான்" என்பார்கள். இயந்திரம் நின்றால் நாய் யாருக்குச் சொல்லும்? "தெருநாய் முழுநாளும் வெயிலிலதானே கிடக்குது?" என்றும் கேட்பார்கள். இல்லை. தெருநாய் மதகுக்குக் கீழே போகும், மண்ணைக் கிண்டிப் படுக்கும், அதே காருக்கு அடியிலும் படுக்கும். அதற்கு எழும்பிப் போக வழி இருக்கு. காருக்குள் பூட்டின நாய்க்கு அந்த வழியை நாங்கள்தான் மூடுகிறோம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க ஏலாது. மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 இல் வந்தது. அது சொன்ன உச்சத் தண்டப்பணம் நூறு ரூபா. அன்றைக்கு நாங்கள் குடித்த சோடாவுக்கே அது காணாது. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய வரைவு ஒன்றைத் தயாரித்தது. எங்களில் கனபேர் பள்ளிக்கூடம் போய் முடிக்கும்வரை அது இழுபட்டது.

ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான்: நாயைக் காருக்குள் தனிய விடாதேங்கோ, அஞ்சு நிமிசத்துக்கும். வரிசை நீளும், தெரிந்தவர் ஒருவர் கண்டு கதைப்பார், காட் மெசின் வேலை செய்யாது. கடைக்குப் போற நாளில் நாயைத் தண்ணியோடு வீட்டில் விடுங்கோ. கூட்டிக்கொண்டு போனால் ஒருவர் அதோடு வெளியில் நில்லுங்கோ.

வேறு ஒருவரின் காருக்குள் கண்டால், முதலில் நம்பரைப் பார்த்துக் கடைக்குள் சொல்லுங்கோ, காவலாளியைக் கூப்பிடுங்கோ. ஆளைக் காணாவிட்டால் 119க்கு எடுங்கோ. நாய் வெளியில் வந்ததும் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணி ஊற்றி விசிறுங்கோ. குடிக்கத் தண்ணி வையுங்கோ, வாய்க்குள் பலவந்தமாக ஊற்றாதேங்கோ. பிறகு சுணங்காமல் மிருக வைத்தியரிடம். எழும்பி நடந்தாலும் காட்டத்தான் வேணும், உள்ளுக்குள் நடந்த சேதம் உடனே தெரியாது.

அன்று பின்னேரமே அந்த வீடியோவை அழித்துவிட்டோம். அதற்குள் கனபேர் பார்த்திருந்தார்கள், அழுகிற முகங்களும் நிறைய வந்திருந்தன. "கார் நம்பர் என்ன?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நாங்களே பார்க்காத நம்பரை அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?