சீட் பெல்ட் சட்டம்: எவருக்கு எதிராகக் குரல் எழுப்புவது?

‘சேஃப் கேரளா’ திட்டத்தின் 726 கேமராக்களைக் கொண்டு அபராதம் விதிப்பது 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. அன்றே காங்கிரசார் அந்தக் கேமராக்களின் முன் நின்று போராடினர். மக்களைப் பிழிந்து கருவூலத்தை நிரப்பும் சூழ்ச்சி என்பது அவர்களது வாதம். நம் தோழர்கள் சிலரும் அதையே தமிழில் ஒப்பிக்கின்றனர். மலையாளத்தைத் தமிழாக்குவதே என் பணி. எனினும் இந்தத் தமிழாக்கம் எனக்கு உடன்பாடன்று.

ஒப்பந்தத்தில் முறைகேடு இருப்பின் நீதிமன்றத்தில் நிறுவட்டும். அதற்காக சீட் பெல்ட்டைப் பழிப்பானேன்? 2022இல் சீட் பெல்ட் அணியாததால் நாட்டில் மாண்டோர் 16,715 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அவர்களுள் 8,331 பேர் ஓட்டுநர் அல்லர், உடன் பயணித்தவர்கள்.

அபராதத்தை 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது எவர்? 2019இல் மோடி அரசு கொண்டுவந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். அதனை 500 ரூபாயாகக் குறைத்தது கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு. உழைப்பவர் வருவாயை எண்ணித் தொகையைக் குறைத்தது. உயிரை எண்ணிக் கண்காணிப்பைக் கூட்டியது. இவ்விரண்டும் ஒரே கொள்கையின் இரு கூறுகள்.

குடிமகனிடம் இத்துணைக் கண்டிப்புக் காட்டிய ஒன்றிய அரசு, கார் முதலாளிகளிடம் எப்படி நடந்துகொண்டது? புதிய கார்களில் ஆறு காற்றுப்பைகள் 2022 அக்டோபர் முதல் கட்டாயம் என வரைவு அறிவிக்கை வெளியிட்டது. பின்னர் ஓராண்டு தள்ளிவைத்தது. 2023 செப்டம்பரில், கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி கைவிரித்துவிட்டார். பெல்ட் அணியாதவருக்கு அபராதம். காற்றுப்பை பொருத்தாத நிறுவனத்திற்குச் சலுகை! நமது எதிர்ப்பு பாய வேண்டிய இடம் இதுவே.

2023 நவம்பர் 1 முதல் கேரளத்தில் கனரக வாகன ஓட்டுநரும் முன்னறையில் உடன் அமர்பவரும் சீட் பெல்ட் அணிதல் கட்டாயமாகியுள்ளது. அரசுப் பேருந்துகளும் இதற்கு விலக்கல்ல. களியக்காவிளை வழியே இரவெல்லாம் சரக்குந்து ஓட்டி வரும் தொழிலாளியின் உயிருக்கும் காரில் செல்பவரின் உயிருக்கும் ஒரே மதிப்பு என்பதே இதன் பொருள். ஆனால், வண்டியில் பெல்ட்டே இல்லாதபோதும் அது பழுதுற்றபோதும் அபராதத்தைக் கூலிக்கு ஓட்டுபவர் தலையில் கட்டலாகாது; உரிமையாளரே செலுத்த வேண்டும். தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கையை உரக்க எழுப்ப வேண்டும்.

இறுதியாக, நம்மிடமே ஒரு கேள்வி. மாநாட்டுக்கும் பிரச்சாரத்துக்கும் செல்லும் நம் வாகனங்களில் எத்தனை பேர் சீட் பெல்ட் அணிகிறோம்? ஊருக்கு உபதேசம் செய்யும் உரிமை, நாம் அணிந்த பிறகே நமக்கு வரும், தோழர்களே!